பீல் போடும் முன் பாட்டிலைக் காட்டச் சொல்லுங்க

சேலத்துல பருத் தழும்புக்குக் கெமிக்கல் பீல் (ஆசிட் தடவித் தோலோட மேல்படலத்தை உரிக்கிறது) போட்டுக்கலாம்னு யோசிக்கிறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க.

அஞ்சு ரோடு பக்கம் ஒரு ஸ்கின் கிளினிக். ஆறு சிட்டிங் பேக்கேஜ் 18,000 ரூபாய், மொத்தமும் முன்கூட்டியே. "குழியெல்லாம் மூடிடும் மேடம், கேரண்டி." டாக்டர் எங்கேன்னு கேட்டேன். மாடியில இருக்காராம், தேவைப்பட்டா வருவாராம். கடைசி வரைக்கும் இறங்கி வரல.

வெள்ளைக் கோட்டு போட்ட பொண்ணு லேபிள் இல்லாத பாட்டில்ல இருந்து பிரஷ்ல தடவிட்டு போன் பேசப் போயிடுச்சு. எரியுதுங்கன்னு கத்தினா, அங்கிருந்தே, "எரிஞ்சாத்தான் மேடம் வேலை செய்யுது." நானே எழுந்து போய் வாஷ்பேசின்ல கழுவினேன். கன்னம் ரெண்டும் பொருக்குத் தட்டி, அது உதிர்ந்ததும் திட்டுத் திட்டா கருத்துப்போச்சு.

சேலம் ஜி.எச். தோல் பிரிவுல டாக்டரம்மா முதல்ல கேட்டது, "என்ன ஆசிட்மா, எத்தனை சதவீதம்?" பில்லுல 'ஸ்கின் சர்வீஸ்'னு மட்டும் இருக்கு. கிளினிக்குக்கு போன் போட்டா, "அது எங்க ஃபார்முலா மேடம், வெளிய சொல்ல மாட்டோம்." முகத்துல ஊத்துறதுல என்னங்க ரகசியம்?

பீலுக்குத் தடவுற கிளைகாலிக் ஆசிட் 20 சதவீதத்துலயும் வருது, 70 சதவீதத்துலயும் வருது. குறிச்ச நேரத்துல சோடா உப்புக் கரைசலோ தண்ணியோ வச்சு நிறுத்தலைன்னா ஆழமா இறங்கிடும். சாலிசிலிக் அப்படியில்ல, தானே அடங்கிடும். எதைத் தடவினாங்கன்னு தெரியாம யாரும் சரியா வைத்தியம் பார்க்க முடியாது.

இன்னொண்ணும் டாக்டரம்மா சொன்னாங்க. என் தழும்பு ஊசி குத்தின மாதிரி ஆழமான குழி. மேலோட்டமான பீல் கறைக்கும் லேசான தழும்புக்கும்தான் உதவுமாம், இதுக்குப் பத்தாதாம். இந்த மாதிரிக் குழிக்கு டி.சி.ஏ. ஆசிட்டைக் குழிக்குள்ள மட்டும் குச்சி முனையால வைப்பாங்களாம். அப்போ அந்த கேரண்டி எதுக்கு? நம்ம நிறத்துக்குக் கருமை விழ வாய்ப்பு அதிகம்னு ரெண்டு, நாலு வாரம் முன்னாடியே கிரீமும் சன்ஸ்கிரீனும் போட்டு தோலைத் தயார் பண்ணுவாங்களாம். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுறீங்களா, உதட்டுல அக்கி வருமான்னு கேட்பாங்களாம். என்கிட்ட கேட்டது ஜிபேயா கார்டான்னு மட்டும்தான்.

வெயில் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு ஏற்காடு, ஏரிக்கரையில எங்கப்பாவோட மிளகு, காப்பித்தூள் கடையில பகல் முழுக்க உட்காருறவ. குளிர்ச்சியா இருக்கேன்னு நம்பக் கூடாதுங்க. 1000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீதம் புற ஊதாக்கதிர் கூடும்.

மீதி சிட்டிங் பணத்தைக் கேட்டா, திருப்பித் தர மாட்டாங்களாம், "வேணும்னா உங்க தங்கச்சிக்கு மாத்திக்கலாம்"ங்கறாங்க! என் தங்கச்சி முகமும் வேணுமாம்.

பில், ஜிபே ரசீது, போட்டோ, ஜி.எச். சீட்டு எல்லாம் சேர்த்து நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதியாச்சு. கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். இதே இடத்துல ஏமாந்தவங்க இருந்தா பில்லைத் தூக்கிப் போட்டுடாதீங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் அடிச்சாலும் புகார் எடுத்துப்பாங்க.