பழுதுபார்த்து வந்த டேப் டிரைவும் “வாங்கலாமா?” என்ற கேள்வியும்

காந்த நாடாக் கசெட்டில் தரவை எழுதிப் படிக்கும் எங்களுடைய எல்டிஓ-8 டேப் டிரைவ் பழுதுபார்க்கப்பட்டுத் திரும்பி வந்துவிட்டது. கூடவே பில்லும் வந்துவிட்டது. அந்தப் பில் மேசையில் கிடக்கும் நேரம் பார்த்து, பண்டாரவளையில் காளான் வித்தும் உயிர் உரமும் தயாரிக்கும் சிறிய ஆய்வுகூடம் நடத்துகிற நண்பர், “எங்களுக்கும் தரவு பெருகிவிட்டது அண்ணா, டேப் வாங்கலாமா?” என்று கேட்டிருக்கிறார். தொலைபேசியில் பதில் சொன்னால் கோபம்தான் முதலில் வரும் என்பதால் எழுதுகிறேன். எழுதினாலும் வரத்தான் போகிறது.

நாங்கள் இருப்பது தலவாக்கலைப் பக்கம், மூடிக்கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில். இழைய வளர்ப்பு நாற்று, மண் நுண்ணங்கிகள், தேயிலையில் கொஞ்சம் மரபணு வாசிப்பு ஆகியவை எங்கள் வேலை. தேயிலையின் மரபணுத்தொகுதி ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள் கொண்டது. மனிதனுடையதும் அந்த அளவுதான். டிஎன்ஏ இழையை நுண்துளை வழியாகச் செலுத்திப் படிக்கும் நானோபோர் கருவி அதை வாசிக்கும்போது முதலில் கிடைப்பது எழுத்துகள் அல்ல, மின் சமிக்ஞை. எழுத்தாக்கிய பிறகு கோப்பு சிறியது. மூலச் சமிக்ஞையோ பல மடங்கு பெரியது. அதை அழித்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் சமிக்ஞையை எழுத்தாக்கும் மென்பொருள் ஆண்டுதோறும் மேம்படுகிறது. பழைய சமிக்ஞையைப் புதிய மென்பொருளில் ஓட்டினால் துல்லியம் கூடுகிறது. ஆகவே ஆராய்ச்சிப் பிரிவு எதையும் அழிக்கவிடாது. கணக்குப் பிரிவு எதையும் வாங்கவிடாது. இரண்டுக்கும் நடுவில் சேமிப்புக்குப் பொறுப்பாக நான்.

கிளவுட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவ் போன்ற ஆழ் காப்பகத்தில் 1 டெராபைட்டை வைத்திருக்க மாதம் ஏறக்குறைய 1 டொலர். கேட்க இனிமையாக இருக்கிறது. அதே 1 டெராபைட்டை இணையம் வழியாக வெளியே எடுக்க, அமெரிக்கப் பட்டியல் விலையிலேயே ஜிகாபைட்டுக்கு 9 சதம், ஆக 90 டொலர். ஏழரை வருட வாடகையை வாசலில் நிற்கவைத்து வாங்கிவிடுகிறார்கள். எடுக்க வேண்டும் என்று கேட்டால் 12 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். மலிவான வழி என்றால் 48 மணி நேரம். நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் ஏற்றும் இணைப்பில் 1 டெராபைட் போய்ச் சேர நாலரை நாளுக்கு மேல் ஆகும், அதுவும் இடையில் மின்சாரம் போகாவிட்டால். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360ஐத் தாண்டியது நினைவிருக்கும். சேமிப்பில் ஒரு பைட்கூடக் கூடாமல் பில் மட்டும் அந்த வேகத்தில் ஏறினால், ரூபாயில் வருமானம் உள்ள ஒரு நிறுவனம் என்ன செய்யும்? இறுதி முடிவுகள், ஆய்வுக் குறிப்பேடுகள் போன்ற சிறிய, விலைமதிப்பற்ற கோப்புகளை இன்றும் அங்கே வைத்திருக்கிறோம். மூலச் சமிக்ஞையை அனுப்பவில்லை, அனுப்பப் போவதுமில்லை.

அன்றாட வேலைக்கு இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை ஓடும் நாஸ் பெட்டி, அதாவது பல டிஸ்க்குகளை வலைப்பின்னலில் பகிரும் சேமிப்புப் பெட்டி. அதில் குறை சொல்ல அதிகம் இல்லை, அதனால் எழுதவும் அதிகம் இல்லை. 2005இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட அந்தக் கோப்பு முறைமை, எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் போட்டுவைத்து, படிக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கிறது. டிஸ்க் பொய் சொன்னால் பிடித்துவிடும். பயிற்சிக்கு வந்த மாணவர் ஒருவர் ஒரு கோப்புறையை முழுவதுமாக அழித்தபோது, முந்தைய மணி நேரத்து நிலையை அப்படியே பிடித்துவைத்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து தேநீர் ஆறுவதற்குள் மீட்டுக் கொடுத்தேன். வளரும் நிறுவனங்களுக்கு ஒரே ஓர் உறுத்தல் இருந்தது: ஒரு டிஸ்க் செத்தாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளைக் கட்டும் ரெய்டு-இசட் தொகுதியில் பிறகு ஒற்றை டிஸ்க்கைச் சேர்க்க முடியாது. 2025 ஜனவரியில் வந்த ஓப்பன் இசட்எஃப்எஸ் 2.3 அதையும் தீர்த்துவிட்டது. பழைய தரவு மறுபடி எழுதப்படும் வரை தரவுக்கும் காப்புத் தகவலுக்கும் இருந்த பழைய விகிதத்திலேயே கிடக்கும். அது தெரிந்திருந்தால் போதும். ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்.

ஆனால் டிஸ்க் செத்தால் நாஸ் காப்பாற்றும். மலை சரிந்தால் நாஸும் சேர்ந்துதான் போகும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை வானொலியில் கேட்டுக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்னொரு பிரதி இந்த மலையில் இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் டேப்.

அடுத்த தலைமுறையான எல்டிஓ-9 சந்தைக்கு வந்து எல்டிஓ-8இன் விலை இறங்கிய சமயத்தில் வாங்கினோம். கசெட் ஒன்றுக்கு 12 டெராபைட். அட்டையிலோ 30 என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். 12 என்பதைத் தேடித்தான் படிக்க வேண்டும். இரண்டரை மடங்கு சுருக்கலாம் என்ற கற்பனையில் போட்ட எண் அது. மரபணுக் கோப்புகள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றை இன்னொரு முறை பிழிந்தால் சொட்டுக்கூட வராது. எங்கள் கணக்குப் பிரிவில் ஒருவர் அந்த 30ஐ நம்பி, ‘தேவைக்கு மேல் கசெட் கேட்கிறார்கள்’ என்று எழுதியே கொடுத்தார். அந்த எண்ணை அச்சிடும் வழக்கத்தை யார் தொடங்கினார்களோ, அவர்களை எங்கள் கணக்குப் பிரிவுக்கு நேரில் அழைத்து வந்து விளக்கவைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் தீரவில்லை.

அடுத்தது வேகம். டேப்புக்குத் தரவு தடையில்லாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். நொடிக்குச் சுமார் 100 மெகாபைட்டுக்குக் கீழே போனால் நாடா நிற்கும், பின்னால் போகும், மறுபடி முன்னால் வரும். கடுகண்ணாவை ஏற்றத்தில் நின்று நின்று ஏறும் பாரமேற்றிய லொறி தோற்றுப்போகும். நாடாவும் தேயும், அதைப் படிக்கும் டிரைவின் தலையும் தேயும். எங்கள் வளர்ப்பறைக் கெமராக்கள் போத்தல்களை இரவு பகலாகப் படம் பிடிக்கின்றன. எல்லாம் சின்னச் சின்னக் கோப்புகள், இலட்சக் கணக்கில். அவற்றை அப்படியே டேப்பில் எழுதச் சொல்வது இயந்திரத்தை வதைப்பது. முதலில் பலவற்றை ஒன்றாகச் சேர்க்கும் டார் கோப்புகளாகக் கட்டி, வேகமான எஸ்எஸ்டியில் வைத்து, அங்கிருந்து எழுதினால் ஒரே மூச்சில் ஓடும்.

இங்குள்ள ஈரம் தனிக் கதை. நீண்டகாலச் சேமிப்புக்கு 16 முதல் 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதமும் வேண்டும் என்பது வழிகாட்டல். வெப்பநிலையை மலை இலவசமாகத் தருகிறது. ஈரப்பதத்தையும் இலவசமாகத் தருகிறது, கேட்ட அளவுக்கு மிக அதிகமாக. கொழுந்து வாடுவதற்காகக் காற்று தாராளமாகப் புகும்படி கட்டிய மாடியில் மழைக்காலத்தில் காகிதமே நமத்துப்போகும். கெமரா வில்லைகள் வைக்கும் மின் உலர்பெட்டி ஒன்றை வாங்கிக் கசெட்டுகளை அதில் அடுக்கினோம். பிரச்சினை அதோடு முடிந்தது.

இனி நல்லதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நிறையவே இருக்கிறது. அலமாரியில் இருக்கும் கசெட் மின்சாரம் கேட்காது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததாகச் சொல்லப்பட்டு, தீவு முழுவதும் இருண்டதும் இங்கேதான். அன்று யூபிஎஸ்கள் அலறின, நாஸ் பெட்டிகளை ஒழுங்காக அணைக்க ஓடினோம், மின்பிறப்பாக்கிக்கு டீசல் தேடினோம். டேப்புகளைப் பற்றி யாரும் நினைக்கக்கூட இல்லை. சேமிப்புச் சாதனம் ஒன்றுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியவில்லை. கசெட்டின் ஓரத்தில் ஒரு சின்னத் தாழ்ப்பாள் இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டால் எந்த மென்பொருளும் அதில் எழுத முடியாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல்கள் வலைப்பின்னலில் எவ்வளவு தூரம் புகுந்தாலும் உலர்பெட்டிக்குள் புக முடியாது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகம் பட்டதை எழுத இது இடமில்லை. மண்சரிவுகள் வீதிகளையும் ரயில் பாதையையும் துண்டித்தன, உயிர்கள் போயின, அந்த நாட்களில் எங்கள் பகுதியில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லை. கட்டடம் தப்பியது, ஆனால் யாரும் அங்கே போய்ச் சேர முடியவில்லை. கூட்டாளி நிறுவனம் ஒன்றுக்கு அந்த நேரத்தில் எங்கள் வாசிப்புத் தரவு தேவைப்பட்டது. இரண்டாவது கசெட் தொகுதி கொழும்பில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் இருந்தது. அங்கே டேப் டிரைவ் வைத்திருக்கும் இடமொன்றில் கொடுத்துப் படித்துக்கொண்டார்கள். அவர்களுடைய டிரைவ் வேறு தயாரிப்பு. எங்கள் மென்பொருள் எதுவும் அவர்களிடம் இல்லை. எல்டிஎஃப்எஸ் என்ற திறந்த வடிவத்தில் எழுதியிருந்ததால் சாதாரண வட்டுப்போலத் திறந்துகொண்டது. நாங்கள் இங்கே மெழுகுவர்த்தியில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் தரவு அங்கே வேலை செய்துகொண்டிருந்தது.

இவ்வளவு புகழ்ந்த பிறகு அந்த டிரைவுக்கு வருகிறேன். ஒருநாள் கசெட்டை விழுங்கியது, பிழைக் குறியீடு ஒன்றைக் காட்டியது, பிறகு வெளியே விடவும் இல்லை, படிக்கவும் இல்லை. துப்புரவுக் கசெட்டைப் பற்றிக் கேட்காதீர்கள், அது உள்ளே போகவே வழியில்லை. மலையில் இதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. கொழும்பில் விற்றவரிடமும் இல்லை. அவர் நாட்டுக்கு வெளியே அனுப்பினார். அங்கிருந்து ‘பார்க்கிறோம்’ என்று ஒரு கடிதம், ‘உதிரிப்பாகம் வருகிறது’ என்று ஒரு கடிதம், சுங்கத்துக்கு ஒரு படிவம், மறுபடி அதே படிவம். அலமாரி நிறைய ஆரோக்கியமான கசெட்டுகள். படிக்க இயந்திரம் இல்லை. அந்த இடைவெளியில் ஒரு பழைய சமிக்ஞைக் கோப்பு வேண்டுமென்றால், கைப்பையில் கசெட்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் ஹட்டனிலிருந்து கொழும்பு பஸ் ஏற வேண்டும், அங்கே காசு கொடுத்துப் படிக்க வேண்டும், ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றித் திரும்ப வேண்டும். பல தடவை அப்படித்தான் நடந்தது. இறுதியில் வந்த பில், புதிய டிரைவின் விலையைக் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வைத்திருக்கிறது.

என் கோபத்தின் வேர் அந்தப் பில் அல்ல. நாடா 30 வருடம் நிற்கும் என்று விற்கிறார்கள், நம்புகிறேன். அதைப் படிக்கும் டிரைவை யார் 30 வருடம் விற்கப் போகிறார்கள்? முன்பெல்லாம் ஒரு டிரைவ் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்பைப் படிக்கும். எட்டாம் தலைமுறையோடு அது ஒன்றாகக் குறைந்தது. 2025இல் 30 டெராபைட் கசெட்டுடன் வந்த எல்டிஓ-10 டிரைவ் தன் கசெட்டைத் தவிர வேறு எதையும் தொடாது. எங்கள் எல்டிஓ-8 கசெட்டுகளுக்கு இனி மிச்சம் ஒரே ஒரு வழிதான்: எல்டிஓ-9. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் புதிய நாடாவுக்கு மாற்ற வேண்டும், அல்லது பழைய டிரைவ்களை எங்காவது தேடிப் பொறுக்க வேண்டும். நிதானமாகப் பார்த்தால் டிஸ்க்கையும் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டியிருக்கிறது, டேப்பை மட்டும் திட்டுவது நியாயமில்லை. நியாயமாக இருக்க இன்றைக்கு எனக்கு மனமில்லை.

ஆகவே பண்டாரவளை நண்பருக்கு: வாங்காதீர்கள். உங்கள் தரவு இன்னும் சில டெராபைட்தான். இசட்எஃப்எஸ் நாஸ் இரண்டு வாங்குங்கள். ஒன்றை ஆய்வுகூடத்திலும் மற்றொன்றை மட்டக்களப்பில் உங்கள் அக்கா வீட்டிலும் வையுங்கள். மலையும் கடலும் ஒரே நாளில் சேர்ந்து கெடுக்காது என்று நம்புவோம். ஸ்னாப்ஷாட்டுகளுக்கு இடையில் மாறியதை மட்டும் அனுப்பும் வசதி இருப்பதால் உங்கள் இணைப்பு தாங்கும். முதல் பிரதியை மட்டும் டிஸ்க்கில் ஏற்றிக் கையில் கொண்டுபோங்கள்.

நாங்கள் என்ன செய்கிறோம் என்று கேட்பீர்கள். எல்டிஓ-9 டிரைவ் ஒன்றுக்கு விலை கேட்டு எழுதியிருக்கிறேன். பழைய கசெட்டுகளைப் படிக்கும், எழுதும். புதியவற்றில் 18 டெராபைட் கொள்ளும். ஒவ்வொரு புதுக் கசெட்டையும் முதல் தடவை போடும்போது தன்னைத் தயார்செய்துகொள்ள இரண்டு மணி நேரம் வரை எடுக்குமாம். அதற்கு இப்போதே எரிச்சலாக இருக்கிறது.

அது வந்த பிறகு பழுதுபார்த்த டிரைவ் சும்மாதான் இருக்கும். உங்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை ஒரு பிரதி வேண்டுமென்றால் சொந்தக் கசெட்டுடன் வாருங்கள், எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். எல்டிஓ-8 என்று பார்த்து வாங்குங்கள். அட்டையில் உள்ள 30ஐ நம்பாதீர்கள். காளான் படங்களை டார் கட்டிக் கொண்டுவாருங்கள். இலட்சம் சின்னக் கோப்புகளுடன் வந்தால் தேநீர் மட்டும் கொடுத்துத் திருப்பி அனுப்புவேன்.