புது ஸ்போர்ட்ஸ் காருக்கு வன்னியில் எந்த வீதி? ஏ9, மேற்குச் சுற்று, கிழக்குச் சுற்று

இலங்கையில் 2020இல் நின்றுபோன தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் தொடங்கியது. அதற்குப் பிறகு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும், நிலத்தோடு ஒட்டினாற்போல் பதிவான இரண்டு கதவுக் கார்கள் இடைக்கிடை கண்ணில் படுகின்றன. வாங்கியவர்களில் பலர் முதல் சனி ஞாயிறுக்கே மலைநாட்டுக்கோ தெற்கு அதிவேக வீதிக்கோ போகத்தான் யோசிக்கிறார்கள். வன்னியில் இருப்பவர் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்பது என் எண்ணம். புதுக் காரோடு பழகுவதற்கு வேண்டியதெல்லாம் இங்கேயே இருக்கிறது: வாகன நெரிசல் இல்லாத நல்ல தார் வீதி, திறந்த வெளி, இறங்கி நிற்க நல்ல இடங்கள். ஆனால் எல்லா வீதியும் எல்லாக் காருக்கும் ஒத்துவராது.

வவுனியாவிலிருந்து காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பும் மூன்று பயணங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, கண்டி–யாழ்ப்பாணம் வீதியான ஏ9இல் நேரே ஆனையிறவு வரை போய் அதே வழியில் திரும்புவது; போக ஏறக்குறைய 90 கிலோமீற்றர். இரண்டாவது மேற்குச் சுற்று: மன்னார் போய், ஏ32இல் பூநகரி, அங்கிருந்து பரந்தன், பிறகு ஏ9இல் வவுனியா; மொத்தம் 270 கிலோமீற்றர் அளவில் வரும். மூன்றாவது கிழக்குச் சுற்று: மாங்குளத்தில் திரும்பி ஏ34இல் முல்லைத்தீவு, ஏ35இல் புதுக்குடியிருப்பு, பரந்தன், திரும்ப ஏ9. இது மேற்கை விடக் கொஞ்சம் குறைவு.

எதை வைத்து ஒப்பிடுவது? எஞ்சினின் பலத்தை வைத்து அல்ல. நம் நாட்டில் சாதாரண வீதியில் காருக்கு மணிக்கு 70 கிலோமீற்றர், ஊர்மனைக்குள் 50; அதிவேக வீதியில்தான் 100. ஆகவே மூன்று வீதியிலும் வேகம் ஒன்றுதான். வித்தியாசம் வேறு இடங்களில் இருக்கிறது: அந்த 70ஐ எவ்வளவு நேரம் நிம்மதியாக ஓட முடிகிறது, பதிவான காரின் அடி எங்கே உரசும், எங்கே நிற்கலாம், புது எஞ்சினுக்கு எது நல்லது.

கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. டொயோட்டாவின் கைநூலில் முதல் 300 கிலோமீற்றருக்குத் திடீர் பிரேக் வேண்டாம் என்றும், முதல் 1000 கிலோமீற்றருக்குத் திடீரென்று அக்சிலரேட்டரை அமத்த வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட வேண்டாம் என்றும் இருக்கும். ஒரே வேகம் கூடாது என்பதுதான் இங்கே முக்கியம். 70ஐப் பிடித்துக்கொண்டு ஆறாவது கியரில் ஒரு மணித்தியாலம் ஓடுவது எஞ்சினைக் கவனமாகப் பார்ப்பதுபோலத் தோன்றும். புது எஞ்சின் கேட்பதோ ஏற்ற இறக்கத்தை. ஐந்துக்கு இறக்கி, நாலுக்கு இறக்கி, மெதுவாக ஏற்றி, திரும்பத் தளர்த்தி ஓட வேண்டும். சுற்றுப் பயணம் அதற்கு இடம் தரும். ஒரே நெடுஞ்சாலை தராது.

ஏ9: போய்ச் சேருவதற்கான வீதி

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். தளம் நல்லது, நகரங்களில் எரிபொருள் உண்டு, உதவி கிட்ட இருக்கிறது. முறிகண்டியில் நிறுத்தி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்காமல் யாரும் தாண்டிப் போவதில்லை. புது வாகனம் எடுத்தவர் கட்டாயம் நிற்பார். ஆனால் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர் ஓடும் இந்த வீதிதான் வடக்கின் முழுப் பாரத்தையும் சுமக்கிறது. சொகுசு பஸ், லொறி, கொள்கலன் வாகனம் என்று எல்லாம் இதில்தான். இருவழி வீதியில் பஸ்காரர் முந்தும்போது எதிரே வரும் பதிவான கார் அவருடைய கண்ணுக்குத் தட்டுப்படுவது கஷ்டம். பொலிசார் வேகம் பிடிக்கும் இடங்களும் அதிகம். ஓமந்தை தாண்டினால் காடு வருகிறது, அழகுதான். ஆனால் முன்னால் ஒரு லொறியும் பின்னால் ஒரு பஸ்ஸும் இருக்கையில் அந்த அழகை யார் பார்ப்பது? என் கணக்கில் ஏ9 மற்ற இரண்டு சுற்றுக்கும் வாசல். அதையே பயணமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

மேற்குச் சுற்று: ஏ30, ஏ14, ஏ32

என் தெரிவு இதுதான். எனக்கு மிகவும் பிடித்த வீதியும் இதுவே, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வவுனியாவிலிருந்து ஏ30இல் பறயனாலங்குளம் வரை போய் ஏ14இல் ஏறினால் மடு வீதி, முருங்கன், உயிலங்குளம் என்று வழி நீளும். மேற்கு நோக்கிய ஓட்டம் என்பதால் காலை வெயில் முதுகுப் பக்கம்தான். கட்டுக்கரைக்குளத்தை நெருங்கும்போது வயல்வெளி விரியும். மன்னார்த் தாம்போதிக்கு முன்னால் வங்காலைச் சரணாலயம். சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2010இல் சேர்ந்த இடம். ஐப்பசிக்கும் மாசிக்கும் இடையில் போனால் காரை விட்டு இறங்காமலே நீர்ப்பறவைக் கூட்டத்தைப் பார்க்கலாம். மன்னார் நகருக்குள் நுழைந்தால் கழுதைகளைக் கவனியுங்கள். வீதியில் நின்றால் ஹோர்ன் அடித்தாலும் அசையாது. புது பம்பருக்கு அவைதான் அங்கே முதல் ஆபத்து.

தாம்போதியால் திரும்பி வந்து, திருக்கேதீச்சரப் பக்கமாக வடக்கே திரும்பினால் ஏ32. அடம்பன், விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், முழங்காவில், பூநகரி. போருக்குப் பின் திருத்திப் போட்ட காப்பெற் ரோட்டு. ஏ9இல் ஒரு நிமிசத்தில் காணும் வாகனங்களை இங்கே காண அரை மணித்தியாலம் ஆகும். இடப்பக்கம் கடல் வாடை, வலப்பக்கம் பற்றைக்காடும் பனையும். நீண்ட நேர் துண்டுகள் உண்டு. இடையிடையே சின்னக் கிராமங்கள் வருவதால் 70இலிருந்து 50க்கு இறக்கி, கியர் மாற்றி, திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும். கைநூல் கேட்கும் ஏற்ற இறக்கம் இங்கே தானாக வந்துவிடுகிறது. எதிரே பஸ் முந்தும் பயம் இல்லாததால் ஸ்டியரிங் எவ்வளவு நேராகப் பேசுகிறது, பிரேக் எந்த இடத்தில் கடிக்கிறது என்பதெல்லாம் நிதானமாகப் பிடிபடும். புதுக் காரைத் தெரிந்துகொள்வதற்கு இதை விட நல்ல இடம் வன்னியில் எனக்குத் தெரியாது.

பூநகரியில் வாடியடிச் சந்தியில் இரண்டு வழி உண்டு. நேரம் இருந்தால் சங்குப்பிட்டிப் பாலம் வரை போய்த் திரும்புங்கள். 288 மீற்றர் நீளம். 2011 ஜனவரியில் திறந்தார்கள். இரண்டு பக்கமும் களப்புதான். அப்புறம் பரந்தன் வீதியைப் பிடித்து ஏ9க்கு வந்தால் வட்டம் முடிகிறது.

குறை இல்லாமல் இல்லை. தென்மேல் காற்றான சோளகம் வீசும் மாதங்களில், வைகாசி தொடக்கம் ஆவணி, புரட்டாசி வரை, பக்கவாட்டுக் காற்று இந்த வீதியை விடாது. ஆயிரம் கிலோ எடையுள்ள காரில் அது ஸ்டியரிங்கில் நன்றாகவே தெரியும். கூரையைத் திறந்தால் புழுதி முழுவதும் உள்ளே. மன்னாரை விட்டால் பூநகரி வரை பெரிய நகரம் இல்லை. ரயர் வெடித்தால் உதவிக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டி வரும். ஓகஸ்ட் 15ஆம் திகதி மடுத் திருவிழாவை ஒட்டிய நாட்களில் ஏ14 நிறைய யாத்திரிகர்களும் பஸ்களும்தான். அந்தக் கிழமையைத் தவிர்த்துவிடுங்கள்.

கிழக்குச் சுற்று: ஏ34, ஏ35

இடங்களை மட்டும் பார்த்தால் கிழக்குத்தான் வெல்லும். மாங்குளத்திலிருந்து காட்டுக்குள்ளால் போகும் ஏ34, ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர், முள்ளியவளை, தண்ணீரூற்று, கடைசியில் முல்லைத்தீவுக் கடற்கரை. வற்றாப்பளை அம்மன் கோயிலும் நந்திக்கடல் ஓரத்திலேயே இருக்கிறது. சாப்பாட்டுக்கும் கிழக்கே மேல். முல்லைத்தீவு மீன் கறிக்காகவே போகிறவர்கள் உண்டு.

ஆனால் கார் ஓடுவதற்கு? ஏ35 மனிதர் வாழும் வீதி. புதுக்குடியிருப்பு, உடையார்கட்டு, விசுவமடு, தர்மபுரம் எங்கும் வீதியோடு ஒட்டிய வீடு, கடை, பள்ளிக்கூடம். சனிக்கிழமை ரியூசன் முடிந்து சைக்கிளில் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். அங்கே 50 என்பதே கூட. மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை நேரம் வீதி ஓரத்தில் நெல் காயப் போட்டிருப்பார்கள். வெட்டு மெசினும் உழவு இயந்திரமும் வயலிலிருந்து ஏறும்போது சேற்றுக் கட்டிகளைத் தாரில் விட்டுப் போகும். காய்ந்த சேற்றுக் கட்டி பதிவான காரின் அடியில் பட்டால் நல்லதல்ல. வட்டுவாகல் பழைய பாலம் ஒடுக்கம், தண்ணீரோடு ஒட்டிய பதிவு, தளமும் கரடு. மழைக் காலத்தில் அதைக் கடக்க முடியுமா என்று முல்லைத்தீவிலேயே கேட்டுப்போட்டுப் போவதுதான் புத்தி.

இன்னொன்றும் இருக்கிறது. வட்டுவாகல் தாண்டியதும் முள்ளிவாய்க்கால். 2009 மே மாதம் நம் சனம் அந்த மணலில் என்ன பட்டது என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்தத் துண்டில் சைலென்சரின் சத்தத்தை அடக்கி, பாட்டை நிறுத்தி, மெதுவாகப் போங்கள். மே 18ஐ ஒட்டிய நாட்களிலும் நவம்பர் 27 மாவீரர் நாளை ஒட்டிய நாட்களிலும் இந்தப் பக்கம் கார் காட்டப் போகவே வேண்டாம். தன் பிள்ளையைத் தொலைத்த ஒரு தாய் வீதி ஓரத்தில் நிற்கும்போது நம் புதுக் கார் அவருக்கு முன்னால் உறுமிக்கொண்டு போகக்கூடாது. இதைச் சொல்லாமல் கிழக்குச் சுற்றைப் பரிந்துரைக்க என்னால் முடியாது.

எந்தக் கார் எந்தப் பக்கம்?

ஜப்பானிலிருந்து வரக்கூடிய மூன்றை எடுத்துக்கொள்வோம். மஸ்டா ரோட்ஸ்டர்: 1.5 லீற்றர், இரண்டு இருக்கை, எடை ஆயிரம் கிலோவுக்குச் சற்று மேல், நிலத்திலிருந்து உயரம் 140 மில்லிமீற்றர். டொயோட்டா ஜிஆர்86: 2.4 லீற்றர், 235 குதிரைவலு, உயரம் 130. சுசுகி சுவிஃப்ட் ஸ்போர்ட்: 1.4 லீற்றர் டர்போ, 140 குதிரைவலு, ஐந்து கதவு, 970 கிலோ. பார்க்க உயரமாகத் தெரிந்தாலும் அடி 120தான். மூன்றில் ஆகப் பதிவு அதுதான் என்பது பலருக்குத் தெரியாது.

மேற்குச் சுற்றுக்கு ரோட்ஸ்டர் என்பேன். ஜிஆர்86 இரண்டாவது கியரிலேயே 70ஐத் தாண்டிவிடும். மிச்சப் பலத்துக்கு வன்னியில் வேலை இல்லை. ரோட்ஸ்டரும் இரண்டாவதில் 70ஐத் தாண்டும்தான், ஆனால் வலு குறைந்த 1.5இல் சட்டத்துக்குள் நிற்பது எளிது. துணிக் கூரையை இருக்கையில் இருந்தபடியே ஒரு கையால் மூடலாம். காலை எட்டரைக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் மட்டும் திறப்பது உடம்புக்கு நல்லது. ஜிஆர்86க்கு நீண்ட ஏ9 ஓட்டம் பொருந்தும். பின் இருக்கையை மடித்தால் இரண்டு பேரின் சாமானுக்குத் தாராளமாக இடம் இருக்கும். பிள்ளைகளோடு கிழக்கே போகிறவர்களுக்கு சுவிஃப்ட் ஸ்போர்ட் போதும். கடற்கரைப் பக்கம் கிரவல் பாதையில் இறக்காமல், தாரிலேயே விட்டு நடந்து போங்கள்.

ரயர் விடயத்தில் மூன்றுக்கும் ஒரே குறை: மேலதிக சில்லு இல்லை, ஒட்டுத் திரவமும் காற்றடிக்கும் சின்ன மோட்டாரும்தான். ஆணி குத்தினால் சமாளிக்கலாம். பக்கச் சுவர் கிழிந்தால் அது உதவாது. ரோட்ஸ்டரின் 195/50 ஆர்16ஐத் தேடிப் பிடிக்கலாம். ஜிஆர்86இன் 215/40 ஆர்18க்குப் பெரும்பாலும் கொழும்புக்குத்தான் சொல்ல வேண்டி வரும். மெல்லிய ரயர் பள்ளத்தில் விழுந்தால் ரிம்மும் போகும். இதுவும் மேற்கே நல்ல தளத்தில் ஓடச் சொல்வதற்கு ஒரு காரணம்.

பெற்றோலில் 92 ஒக்டேன் எங்கும் கிடைக்கும், 95 எல்லாப் பெற்றோல் செட்டிலும் இருக்காது. இந்தக் கார்கள் ஜப்பானில் உயர் ஒக்டேனுக்கே செய்யப்பட்டவை, ஆகவே 95ஐ விடக் குறைவாக அடிக்க வேண்டாம். வவுனியாவில் முழுசாக நிரப்பினால் ரோட்ஸ்டரின் 40 லீற்றர் டாங்கி மேற்குச் சுற்றை முடித்தும் மிச்சம் வைக்கும்.

எந்தச் சுற்றிலும் இருட்ட முன் வீடு வந்து சேருங்கள். இரவில் தார் சூடாக இருப்பதால் மாடுகள் வீதியிலேயே படுத்துக் கிடக்கும். காட்டுத் துண்டுகளில் யானையும் ஏறும். பதிவான காரின் விளக்கு தூரத்துக்குப் போதாது. படம் எடுக்க, கால் ஆற என்று நிறுத்தும்போது தார் ஓரத்தோடு நின்றுகொள்ளுங்கள், பற்றைக்குள் இறங்காதீர்கள். பளைப் பக்கம் முகமாலையில் மிதிவெடி அகற்றும் வேலை எத்தனையோ வருசமாக நடக்கிறது; சிவப்புப் பலகை கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடியும் வேண்டாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் மேற்குச் சுற்றை மறுபக்கமாகத் தொடங்கலாம். நாவற்குழியில் ஏ32ஐப் பிடித்து, சங்குப்பிட்டி, பூநகரி வழியாக மன்னார். மத்தியானச் சாப்பாடு அங்கே, பிறகு வவுனியா, ஏ9இல் வீடு. அவர்களுக்குத் தூரம் கூட. அதனால் விடிய ஐந்தரைக்கே புறப்பட்டால்தான் ஏ9இன் கடைசித் துண்டை வெளிச்சத்தில் ஓட முடியும்.