கோல்ஃப் கார்ட் விட்டு விட்டு நின்றால் காயிலை மாற்றச் சம்மதிக்காதீர்கள், முதலில் இதைப் படியுங்கள்

பெட்ரோல் கோல்ஃப் கார்ட் வைத்திருக்கிறீர்களா? ஒரு நேரம் ஓடி, ஒரு நேரம் படுத்துக்கொள்கிறதா? ஒர்க்‌ஷாப்பில் விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் வண்டிக்குத் தேவையே இல்லாத பாகங்களைப் போட்டார்கள், மாற்றாத பாகத்துக்கும் பணம் வாங்கினார்கள், கடைசியில் இன்ஜினையே மாற்ற வேண்டும் என்றார்கள். பழுது இருந்தது ஒரு ஒயரில்.

வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, யாரோ சாவியைத் திருப்பி அணைத்ததுபோல இன்ஜின் சட்டென்று நின்றுவிடும். திணறல், புகை, வேகம் குறைவது எதுவும் இருக்காது. ஆக்சிலேட்டர் பெடலை அழுத்தியபடியே இருந்தால் ஸ்டார்ட்டர் சுற்றும், ஆனால் இன்ஜின் பற்றாது. அப்புறம் திடீரென்று ஒன்றுமே நடக்காததுபோலப் பற்றிக்கொள்ளும். மேடு பள்ளத்தில்தான் இது அதிகம். சமதளத்தில் அநேகமாக வராது. இவ்வளவையும் ஒர்க்‌ஷாப்பில் தெளிவாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த மெக்கானிக் ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை. "காயில் போயிருக்கும் சார், விட்டுட்டுப் போங்க" என்றார். காயில் என்பது ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் பாகம்.

முதலில் ஸ்பார்க் பிளக், அப்புறம் இக்னிஷன் காயில், அப்புறம் சாலினாய்டு (ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்), அதற்கப்புறம் கார்புரேட்டர் கழுவியதாக ஒரு பில். ஒவ்வொரு தடவையும் அவர்களுடைய வழுவழுப்பான தரையில் ஸ்டார்ட் செய்து காட்டி, "ரெடி சார்" என்று சாவியைக் கையில் கொடுப்பார்கள். அந்தத் தரையில் என் வண்டி எப்போதுமே நின்றதில்லையே! வண்டி நிற்கும் நேரத்தில் பிளக்கில் ஸ்பார்க் வருகிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. விட்டு விட்டு வரும் பழுதை, அது வந்திருக்கும் நேரத்தில் சோதித்தால்தான் பிடிக்க முடியும். ஓடும் இன்ஜினைப் பார்த்து எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வது வெறும் ஊகம். அந்த ஊகத்துக்கான செலவு நம் தலையில் விழுகிறது.

சாலினாய்டு விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. பெடலை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும் வகை வண்டிகளில், பெடலுக்கு அடியிலுள்ள சிறு சுவிட்ச் சாலினாய்டுக்குக் கரண்ட் கொடுக்கும், சாலினாய்டு ஸ்டார்ட்டர் ஜெனரேட்டரை (இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டு, பிறகு பேட்டரியை சார்ஜும் செய்யும் மோட்டார்) சுற்ற வைக்கும். அதன் வேலை அவ்வளவுதான். வண்டி நின்ற நேரங்களிலும் ஸ்டார்ட்டர் வலுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது என்றால் சாலினாய்டு தன் வேலையைச் செய்கிறது என்றுதானே அர்த்தம்? அதைச் சொன்னதற்கு, "எல்லாம் ஒண்ணோட ஒண்ணு லிங்க் சார்" என்ற பதில்தான் கிடைத்தது.

அடுத்து ஸ்டார்ட்டர் ஜெனரேட்டரில் கை வைத்தார்கள். அது சரியாக சார்ஜ் செய்யவில்லையாம், அதனால் ஸ்பார்க் பலவீனமாம். இது முழுப்பொய். என் வண்டியில் இருப்பது மேக்னெட்டோ வகை காயில். ஃப்ளைவீலில் பதித்த காந்தம் காயிலைக் கடக்கும்போது அதிலேயே மின்சாரம் உண்டாகிறது. ஸ்பார்க்குக்கு பேட்டரியோ ஜெனரேட்டரோ தேவையில்லை. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 14 வோல்ட்டுக்கு மேல் காட்டியது, ஆகவே சார்ஜும் ஒழுங்காகவே ஏறிக்கொண்டிருந்தது. அதையும் சொன்னபிறகுதான், இன்ஜினே தேய்ந்துவிட்டது, மாற்றிவிடலாம் என்றார்கள். அன்றே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். அவர் என் கண் முன்னாலேயே இன்ஜினின் ஃபேன் கவரைக் கழற்றினார். உள்ளே இருந்த காயிலைப் பார்த்ததும் இருவருமே சற்று நேரம் பேசவில்லை. இரும்புத் தகடுகளின் ஓரம் பழுப்பாகத் துருப்பிடித்திருந்தது. அதைப் பிடித்திருந்த போல்ட்டுகளின் தலையில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பாகப் படிந்து, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. பில்லில் "புது காயில்" என்று போட்டிருந்தது இதைத்தான். வண்டியோடு வந்த காயில் இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை.

அப்புறம் அவர் கில் ஒயரைப் பார்த்தார். காயிலிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் சாவி சுவிட்ச் பக்கம் போகும். அது எர்த்தை, அதாவது வண்டியின் உலோகச் சட்டத்தை, தொட்டால் ஸ்பார்க் நின்றுவிடும். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைக்கும்போது நடப்பது அதுதான். சில மாடல்களில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டரும் இதே ஒயரோடு சேர்ந்திருக்கும். வண்டி நின்று, ஸ்பார்க் இல்லை என்று டெஸ்டரில் உறுதியான நேரத்தில் இந்த ஒயரைக் காயில் பக்கம் கழற்றிப் பார்க்க வேண்டும். ஸ்பார்க் திரும்பி வந்தால் காயில் நன்றாக இருக்கிறது, கோளாறு ஒயரிலோ சுவிட்சிலோ லிமிட்டரிலோ இருக்கிறது. கழற்றியும் வராவிட்டால்தான் காயிலைச் சந்தேகிக்க வேண்டும். இதற்குச் சில நிமிடங்கள் போதும். ஒன்று முக்கியம்: கில் ஒயர் கழன்றிருக்கும்போது சாவியால் இன்ஜினை அணைக்க முடியாது. அதனால் இது சோதனைக்கு மட்டும்தான், அப்படியே ஓட்டக் கூடாது. இக்னைட்டர் (ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பாகம்) தனியாக உள்ள மாடல்களில் ஒயரிங் வேறு மாதிரி இருக்கும், சர்வீஸ் மேனுவலைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

என் வண்டியில் ஸ்பார்க் திரும்பி வந்தது. ஒயரை மறுபடி மாட்டி, பின்சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை ஓடவிட்டார். கிளட்ச் சுற்றும் பக்கம் கை போகாமல், காய்ந்த மரக்குச்சியால் ஒயர் கற்றையை அங்கங்கே மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். சேஸிஸின் ஒரு தகடு வளையும் இடத்தில் குச்சி பட்டதும் இன்ஜின் நின்றது. விட்டார், ஸ்டார்ட் ஆனது. மறுபடி அழுத்தினார், நின்றது. ஒயரைப் பிரித்துப் பார்த்தால், அரிசி அளவுக்கு மேல்தோல் தேய்ந்து செம்பு பளபளத்தது. தகட்டு ஓரத்தில் அதே இடத்தில் பெயிண்ட் போயிருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் செம்பு தகட்டைத் தொட்டிருக்கிறது. புது ஒயர் போட்டு, ரப்பர் உறை மாட்டி, தகட்டிலிருந்து தள்ளிக் கட்டிவிட்டார். அதற்குப் பிறகு வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை.

உங்கள் வண்டி குலுங்கும்போது நிற்காமல், ஓடிச் சூடான பிறகு மட்டும் நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆனால் காயில் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். சூட்டில் உள்சுற்றின் இன்சுலேஷன் விட்டுக்கொடுக்கும். ஆனால் பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருக்கும். நின்றவுடன் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுத்து, கொஞ்ச நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆனால் மூடிதான் காரணம். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் ஸ்பார்க் சோதனை வேண்டாம், முதலில் மூடியை இறுக்கி மூடுங்கள்.

வண்டியை யாரிடம் விட்டாலும், நிற்கும் நேரத்தில் ஸ்பார்க் இருந்ததா, கில் ஒயரைக் கழற்றிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் எந்தப் பாகத்துக்கும் சம்மதம் சொல்லாதீர்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று வண்டியை விடும்போதே எழுதி வாங்குங்கள். விடுவதற்கு முன் காயில், சாலினாய்டு, கார்புரேட்டர் எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.

துருப்பிடித்த காயிலின் போட்டோவையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபிறகு, முதல் ஒர்க்‌ஷாப் காயிலுக்கான பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தது. மற்றவற்றுக்கு "வேலை செய்தோம் சார்" என்கிறார்கள். அதற்கான புகாரை எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.