நாலு கிரைண்டர், இரண்டு சல்லடை: காபித்தூளை அளந்து பார்த்தபோது

ஒரே கொட்டை, ஒரே தண்ணீர், ஒரே அளவு. ஆனாலும் ஒரு நாள் காபி அருமையாக இருக்கும், மறுநாள் ஒரே கோப்பையில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வரும். கொட்டையைத்தான் ரொம்ப நாள் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். தூளைக் கவனிக்க வேண்டும் என்று புரிந்த பிறகு, வீட்டில் சேர்ந்திருந்த நாலு கிரைண்டர்களையும் எடுத்து வைத்து, இரண்டு மாதம் அரைத்து, சலித்து, எடை போட்டேன்.

பிளேடு சுற்றும் சின்ன மெஷின் ஒன்று. பீங்கான் பர் வைத்த கைமில் ஒன்று, ஸ்டீல் பர் வைத்த கைமில் ஒன்று. நாலாவது, தட்டையான பர் வைத்த கரண்ட் கிரைண்டர். பர் என்பது பல் வெட்டிய இரண்டு சக்கரங்கள். நடுவில் உள்ள இடைவெளிக்கு ஏற்பக் கொட்டை சிறுத்த பிறகுதான் வெளியே வர முடியும். பிளேடில் அந்த இடைவெளியே கிடையாது. எவ்வளவு நேரம் ஓட்டுகிறோம் என்பது மட்டும்தான் நம் கையில்.

ஒவ்வொரு முறையும் 20 கிராம் கொட்டை. மேலே 800 மைக்ரான் சல்லடை, கீழே 400. 1,000 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டர். மேலே நின்றது கப்பி, அடியில் இறங்கியது மாவு, நடுவில் நின்றதுதான் எனக்கு வேண்டிய தூள். ஒவ்வொரு கிரைண்டரிலும் ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடம் சலிப்பு. டயலில் உள்ள எண்களை ஒப்பிடவில்லை, ஒன்றின் 15 இன்னொன்றின் 15 ஆகாது. அதனால் 15 கிராம் தூளில் 93 டிகிரி வெந்நீர் 250 மில்லி ஊற்றினால் காகித வடிகட்டியில் மூன்று நிமிடத்தில் வடிகிற மாதிரி நாலையும் முதலில் சரிசெய்துகொண்டேன். இதைச் செய்யாமல் எது நல்ல கிரைண்டர் என்று பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு மில்லிமீட்டர் கனசதுரத்தை அரை மில்லிமீட்டராக உடைத்தால் எட்டுத் துண்டு. எடை அதேதான், தண்ணீர் படும் மேற்பரப்பு இரண்டு மடங்கு. மாவு சட்டென்று எல்லாவற்றையும் தண்ணீரில் இறக்கிக் கசக்கிறது. கப்பி பாதிகூட இறங்காமல் புளிக்கிறது. என் கோப்பையில் இருந்தது இந்த இரண்டும்தான்.

பிளேடு மெஷினைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கப்பியும் மாவும் குவிய, நடுவில் சேர்ந்தது குறைவு. விட்டு விட்டு ஓட்டி, குலுக்கினால் கொஞ்சம் தேறும், அவ்வளவுதான்.

என்னை யோசிக்க வைத்தது பீங்கான் கைமில். நைஸாக அரைக்கும்போது ஸ்டீலுக்குப் பக்கத்தில் வந்தது. கொரகொரப்பாகத் திருப்பியதும் மோசமாகிவிட்டது. கழற்றிப் பார்த்தேன். அச்சு மேல்பக்கம் மட்டும்தான் பிடிப்பில் இருந்தது. கீழ்ச்சக்கரத்தை விரலால் தள்ளினால் பக்கவாட்டில் ஆடியது. சக்கரங்கள் நெருக்கமாக இருக்கும்போது அந்த ஆட்டத்துக்கு இடமில்லை. இடைவெளி கூடக் கூட ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். பெரிய துண்டு அகலமான பக்கமாக நழுவிவிடுகிறது. ஸ்டீல் மில்லின் அச்சை மேலும் கீழுமாக இரண்டு பேரிங் பிடித்திருந்தன. அதைத் தள்ளினால் அசையவே இல்லை. பீங்கானா ஸ்டீலா என்பதைவிட இந்த ஆட்டம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். வாங்குவதற்கு முன் அச்சைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.

கரண்ட் கிரைண்டரில் நடுத்தூள்தான் நாலிலும் அதிகம். ஆனால் 20 கிராம் போட்டால் 20 கிராம் திரும்பி வரவில்லை. மீதி உள்ளே ஒட்டிக்கொண்டு, மறுநாள் புதுத் தூளோடு கலந்து இறங்கியது. கொட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கலந்து அரைத்ததும் ஒட்டுவது வெகுவாகக் குறைந்தது. உரசலில் உண்டாகும் நிலைமின்சாரத்தை ஈரம் அடக்குகிறது. ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் ‘மேட்டர்’ இதழில் இதை அளந்தே காட்டினார்கள். கொட்டையின் சூடும் கணக்கில் வரும்: குளிர்ந்த கொட்டை இன்னும் நைஸாக, சீராக உடைகிறது என்று 2016-ல் ‘சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ கட்டுரை ஒன்று சொன்னது. அதைப் படித்த பிறகு ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் மெஷினை ஆறவிட்டேன்.

சல்லடைக்கும் ஒரு குறை உண்டு. மாவு பெரிய துண்டுகளில் ஒட்டிக்கொண்டு மேலேயே தங்கிவிடுகிறது. கப்பியை வெள்ளைக் காகிதத்தில் கொட்டித் தட்டினால் பழுப்புப் புழுதி பறக்கும். ஆய்வகங்களில் லேசர் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று பார்த்துத் துகள் அளவைக் கணக்கிடுவார்கள். சல்லடையை மட்டும் நம்பிய என் மாவு அளவு உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும்.

கடைசியாக நாக்கு. அக்காவுக்கு மூன்று கோப்பை வைத்தேன். இரண்டு ஒரே கிரைண்டர், ஒன்று வேறு. “இதுல எது வேற, அக்கா?” என்று மட்டும் கேட்டேன். பிளேடு காபியை ஒவ்வொரு முறையும் பிடித்துவிட்டாள். பீங்கானையும் பெரும்பாலும். ஸ்டீல் கைமில்லையும் கரண்ட் கிரைண்டரையும் வைத்தபோது மூன்றையும் திரும்பத் திரும்பக் குடித்துவிட்டு, “தெரியலடா, எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு” என்றாள். நானும் கண்ணை மூடிக்கொண்டு முயன்றேன், முடியவில்லை. தனியாகக் குடிக்கும் காலைகளுக்கு இப்போது ஸ்டீல் மில்தான். நாலைந்து பேருக்கு என்றால் கை வலிக்கும், அன்றைக்கு மட்டும் கரண்ட் கிரைண்டர்.