டெக்சாஸில் டென்டல் ஸ்கூல் 'கன்சல்டன்ட்'டிடம் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

டெக்சாஸில் இருக்கிறீர்கள், பிள்ளை காலேஜில் இரண்டாவது அல்லது மூன்றாவது வருடம், அடுத்து டென்டல் ஸ்கூல் என்று முடிவு செய்திருக்கிறார்கள் என்றால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். டாலஸ் பக்கம் தமிழ்க் குடும்பங்களிடையே சுற்றிவரும் ஓர் 'அட்மிஷன் கன்சல்டன்ட்' எங்களிடம் 6,500 டாலர் வாங்கினார். அதற்கு என்ன செய்தார், என்ன செய்யாமல் விட்டார் என்று எழுதுகிறேன். கோர்ட்டுக்குப் போகும் வேலை நடப்பதால் பெயர் போடவில்லை.

பொங்கல் விழாவில் அறிமுகம். "அக்கா, நீங்க எதுக்கு அலையறீங்க, எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்கிற பேச்சு. பேக்கேஜில் டிஏடி நுழைவுத்தேர்வுப் பயிற்சி, கட்டுரை, ஷேடோயிங் (பல் மருத்துவர் வேலை செய்வதைக் கூடவே இருந்து பார்ப்பது), விண்ணப்பம், இன்டர்வியூ பயிற்சி எல்லாம் அடக்கம். குறைந்தது ஓர் இன்டர்வியூ வரும், வராவிட்டால் பணம் வாபஸ்.

முதலில் பெரிய விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பெரும்பாலான டென்டல் ஸ்கூல்களுக்கு ஆட்சாஸ் என்ற பொது விண்ணப்பம் வழியாகப் போக வேண்டும். ஆனால் டெக்சாஸ்காரர்கள் இங்குள்ள அரசு டென்டல் ஸ்கூல்களில் சேர டிஎம்டிசாஸ் என்ற தனி விண்ணப்பம் போட வேண்டும். டாலஸில் இருக்கும் டெக்சாஸ் ஏ அண்ட் எம், ஹூஸ்டன், சான் அன்டோனியோ, எல் பாசோ நான்குக்கும் அதுதான் வாசல். அந்தப் பள்ளிகளில் வெளிமாநிலத்தவருக்கு 10 சதவீதத்துக்கு மேல் இடம் கிடையாது, மீதி எல்லாம் நம் பிள்ளைகளுக்கு. கட்டணமும் வெளியே உள்ள தனியார் பள்ளிகளோடு ஒப்பிட்டால் பாதிகூட வராது. தனியார் பள்ளிகளில் படிப்பு, இருப்பிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு வருடச் செலவு ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது சகஜம்.

இவர் டிஎம்டிசாஸ் போடவே இல்லை. என் பெண் கேட்டபோது "டெக்சாஸ் எல்லாம் ஆட்சாஸுக்குள்ளயே வந்துடும்மா" என்று சொல்லிவிட்டார். அவர் விண்ணப்பித்த இருபது பள்ளிகளில் ஒன்றுகூட டெக்சாஸில் இல்லை, முக்கால்வாசி தனியார். ஏன் இருபது? ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: இருபது பள்ளிகளுக்காவது விண்ணப்பித்தால்தான் அந்த 'வாபஸ்' உறுதி செல்லும். ஆட்சாஸில் முதல் பள்ளிக்கு 250 டாலருக்கு மேல், அதன்பின் ஒவ்வொன்றுக்கும் 100 டாலருக்கு மேல். ஆக, அவருக்குக் கொடுத்தது போக இன்னொரு 2,400 டாலருக்கு மேல் போனது. அப்புறம் பல பள்ளிகள் தனியாகக் கேட்கும் இரண்டாம் கட்டக் கட்டணம்.

தாமதமும் சேர்ந்தது. ஆட்சாஸ் மே மாதம் திறக்கும், ஜூன் தொடக்கத்திலிருந்து அனுப்பலாம். பள்ளிகள் வர வரப் படித்து இன்டர்வியூக்குக் கூப்பிடுவதால் முதலில் போகிற விண்ணப்பத்துக்கு இடம் அதிகம். எங்களுடையது போனது ஆகஸ்ட் கடைசியில். அதற்கு அவர் சொன்ன காரணம், "கட்டுரையை இன்னும் மெருகேத்திட்டிருக்கேன்."

அந்தக் கட்டுரையைப் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஆட்சாஸில் சுயவிவரக் கட்டுரைக்கு 4,500 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. அவர் அனுப்பிய முதல் வரைவில், சின்ன வயதில் பல்லுக்குக் கம்பி கட்டிய கதை. கம்பியை எடுத்த அன்று கண்ணாடியில் தன் சிரிப்பைப் பார்த்து அழுதாளாம். என் பெண் கம்பியே கட்டியதில்லை! அதைவிடக் கொடுமை, அவரிடமே பணம் கட்டிய இன்னொரு பையனின் வரைவிலும் அதே கம்பி, அதே கண்ணாடி, அதே அழுகை. விண்ணப்பத்தை அனுப்பும்போது 'இது என் சொந்த எழுத்து' என்று மாணவர்தான் உறுதிமொழி கொடுக்கிறார். மாட்டினால் மாட்டுவது பிள்ளை, கன்சல்டன்ட் அல்ல. என் பெண் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அவளே எழுதினாள். அதைத்தான் அவர் வாரக்கணக்கில் 'மெருகேற்றினார்'.

டிஏடி பயிற்சி என்பது பழைய வீடியோக்களும் யாரோ எழுதிய பயாலஜி குறிப்புகளும். இந்தத் தேர்வில் மற்ற நுழைவுத்தேர்வுகளில் இல்லாத ஒரு பகுதி உண்டு: பிஏடி. ஓர் உருவம் எந்தத் துளைக்குள் நுழையும், நான்கு கோணங்களில் எது சிறியது, மடித்துத் துளையிட்ட தாளைப் பிரித்தால் துளைகள் எங்கே இருக்கும் என்று ஆறு வகை, வகைக்கு 15 கேள்வி, மொத்தம் 90 கேள்விக்கு 60 நிமிடம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினால்தான் கண்ணுக்குப் பிடிபடும். "அது சும்மா புதிர் மாதிரிதான்" என்று அதை அவர் தொடவே இல்லை. 2025 மார்ச் முதல் மதிப்பெண் முறை 200 முதல் 600 வரை என்று மாறிவிட்டது. அவருடைய பாடங்களில் கடைசிவரை 'முப்பதுக்கு 20 எடுத்தால் போதும்' என்றே இருந்தது.

ஒருநாள் வாட்ஸ்அப் குழுவில் 'போன மாதம் வந்த ஒரிஜினல் கேள்விகள்' என்று ஒரு கோப்பு போட்டார். யாரும் தொடாதீர்கள். தேர்வுக் கேள்விகளை வெளியே சொல்வதும் வாங்குவதும் விதிமீறல், தேர்வை நடத்தும் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் மதிப்பெண்ணையே ரத்து செய்யலாம். பெண் அன்றே குழுவை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

ஷேடோயிங் என்று அவர் ஏற்பாடு செய்த கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து ஃபைல் அடுக்கியதுதான் மிச்சம். இதற்குத் தனியாக 600 டாலர் கேட்டார், கொடுக்கவில்லை. பிறகு எங்கள் குடும்பப் பல் மருத்துவரிடம் பெண் நேரில் போய்க் கேட்டாள். நோயாளிகளின் விவரத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ரூட் கெனால் செய்யும்போது பக்கத்திலேயே நிற்க வைத்தார். காசு ஒரு டாலர் கிடையாது.

குட்டு உடைந்தது செப்டம்பரில், மருத்துவம், பல் மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்கு வழிகாட்டும் காலேஜின் ப்ரீ-ஹெல்த் அட்வைசிங் அலுவலகத்தில். அதுவும் இலவசம். அங்கிருந்த ஆலோசகர் அம்மா பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "டிஎம்டிசாஸ் எங்கே?" அன்று மாலையே கணக்கைத் திறக்கப் போனால் ஆட்சாஸ் கன்சல்டன்ட்டின் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது, பாஸ்வேர்டும் அவரிடம். அதை மீட்கவே ஒரு போராட்டம். அக்டோபரில் டிஎம்டிசாஸ் போட்டோம், கடைசி நாள் தாண்டவில்லை. ஆனால் இன்டர்வியூ எங்கிருந்தும் வரவில்லை. இந்த மே மாதம் மறுபடி விண்ணப்பிக்கிறாள்.

பணத்துக்கு வருகிறேன். 4,000 டாலர் ஜெல்லில் (Zelle, வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் சேவை) அனுப்பினோம், கார்டு என்றால் 3 சதவீதம் கூடுதல் என்றார். மீதி 2,500 ஆகஸ்டில் கிரெடிட் கார்டில். கார்டுப் பணம் திரும்பி வந்தது. சொன்ன சேவையைத் தரவில்லை என்றால் ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தகராறு அனுப்பலாம், சட்டத்திலேயே இருக்கிறது. ஒப்பந்தத்தையும் விண்ணப்பத் தேதியையும் இணைத்து அனுப்பினோம். ஜெல்லில் போனது போனதுதான், நாமே அனுப்பிய பணம் என்று வங்கி கைவிரித்துவிட்டது.

அந்த 4,000-க்காக டெக்சாஸின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமான டிடிபிஏ-வின்படி 60 நாள் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். பதில் வராவிட்டால் சின்னத் தொகை வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் கோர்ட். 20,000 டாலர் வரை அங்கே வக்கீல் இல்லாமலே நாமே வழக்குப் போடலாம். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் மத்திய அரசின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி-யிலும் புகார் கொடுத்தாயிற்று.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரி: எங்கும் எதிர்மறையாக விமர்சனம் எழுதக் கூடாது, எழுதினால் 5,000 டாலர் அபராதம். சில பேர் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவர் அச்சடித்துக் கொடுத்த பொது ஒப்பந்தத்தில் இப்படி ஒரு விதி இருந்தால் அது செல்லாது. 2016-ல் வந்த மத்திய அரசின் நுகர்வோர் விமர்சனச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. உண்மையை எழுதுவதை அந்த வரியால் தடுக்க முடியாது.

அவரிடம் ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் இன்றே செய்ய வேண்டியது: ஆட்சாஸ் கணக்கு எந்த மின்னஞ்சலில் இருக்கிறது, டிஎம்டிசாஸ் கணக்கு என்று ஒன்று இருக்கிறதா என்று பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய வாட்ஸ்அப் குழுவில் செய்திகள் 7 நாளில் தானாக அழியும்படி வைத்திருக்கிறார், அதனால் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் இப்போதே எடுத்துவிடுங்கள்.