காது திறந்தே கிடக்குற பிரச்சனைக்கு சலைன் ட்ராப்ஸ்: ரொம்ப நாள் யூஸ் பண்ணதுல தெரிஞ்சது

ஃப்ரெண்ட் ஒருத்திக்கும் யூஸ்டேஷியன் குழாய் (நடுக்காதையும் மூக்கோட பின்பக்கத்தையும் இணைக்கிற குழாய்) மூடாம திறந்தே இருக்குன்னு சொல்லிட்டாங்களாம், "நீ மூக்குல விடுற சலைன் ட்ராப்ஸ், அதான் அந்த உப்புத்தண்ணி சொட்டு மருந்து, வாங்கட்டுமா"ன்னு கேட்டா. அவளுக்குச் சொன்னதையே இங்கயும் போடுறேன்.

வேலை செய்யுது, அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஸ்ப்ரே வேண்டாம், சொட்டு மருந்தாவே வாங்குங்க. அந்தக் குழாயோட வாய் மூக்குக்கு ரொம்பப் பின்னாடி, தொண்டைக்கு மேல இருக்கு, ஸ்ப்ரே பெரும்பாலும் முன்னாடியே நின்னுடும். மல்லாக்கப் படுத்து தலையைப் பின்னாடி சாச்சு, பிரச்சனை இருக்கிற காது பக்கமா லேசா திருப்பி, அதே பக்க மூக்குல விடணும். உப்பு ஓரமா இறங்குச்சுன்னா சரி, நட்டநடுத் தொண்டையில கரிச்சா அந்தச் சொட்டு வேஸ்ட். சரியா போய்ச் சேர்ந்துட்டா மூச்சு விடுறப்பல்லாம் காதுக்குள்ள புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிக்கிறது நிக்கும், நம்ம குரலே மண்டைக்குள்ள மைக் வச்ச மாதிரி அதிராது, அந்த நிம்மதிய அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும்.

எனக்கு எரிச்சலே இங்கதான். படுத்தாலே ரத்தம் தேங்கி குழாய் தானா மூடிக்கும், அதனால படுத்திருக்கிறப்ப கிடைக்கிற சுகத்த ட்ராப்ஸ் கணக்குல எழுதாதீங்க, எழுந்து நடந்து நாலு வார்த்தை பேசினப்புறம்தான் உண்மை தெரியும். சில நாள் நல்லா தாங்கும், சில நாள் முக்கியமான போன் பேசிட்டு இருக்கிறப்பவே டப்புனு திறந்துக்கும், அதுக்காக ஆபீஸ்ல எங்க போய் மல்லாக்கப் படுக்குறது?

இன்னொண்ணு. ஆரம்பத்துல எனக்குக் காது அடைப்புன்னு சொல்லி மூக்கடைப்பு மருந்து எழுதிக் கொடுத்தாங்க, அது உள்சவ்வைச் சுருக்கி குழாய இன்னும் திறந்து விட்டுடுச்சு. இப்ப நினைச்சாலும் ஆத்திரம் வருது. மூச்ச மூக்கால வேகமா விடுறப்ப செவிப்பறை உள்ள வெளிய ஆடுதான்னு பார்த்தாலே நிறைய பேருக்குத் தெரிஞ்சிடும், அதையாவது பார்த்திருக்கலாம். கண்ண உருட்டுறப்பகூட சத்தம் கேட்டா அது உள்காது எலும்புல ஓட்டை இருக்கிற வேற பிரச்சனையா இருக்கலாம், சிடி ஸ்கேன் பத்திக் கேளுங்க.

சட்டுனு மூடணும்னு மூக்கை உறிஞ்சுற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், செவிப்பறை உள்ள இழுத்துக்கும், நாளாவட்டத்துல கொலஸ்டியடோமா (நடுக்காதுக்குள்ள தோல் கட்டி மாதிரி வளர்ந்து எலும்ப அரிக்கிறது) வரைக்கும் போகலாம். டயட்ல உடம்பு சட்டுனு இளைச்சிருந்தா குழாயச் சுத்தி இருக்கிற கொழுப்பும் குறைஞ்சிருக்கும், கொஞ்சம் வெயிட் ஏறினாலே நிறைய பேருக்கு அடங்குது. அவளும் இப்பதான் இளைச்சா, அதனால முதல்ல சாப்பிடுடின்னு சொல்லிட்டேன். தண்ணியும் குறைக்கக் கூடாது.

மார்க் கேட்டா பத்துக்கு நாலுதான், இன்னிக்குக் காலைலேருந்து திறந்தே இருக்கு, அதுக்கு மேல போட மனசு வரல. வாங்கலாமான்னா, வாங்குங்க.