725 கிலோ: நான் தேடிய காரும் நான் ஓட்டிப் பார்த்த கார்களும்

லோட்டஸ் எலீஸ் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை நான் முதலில் பார்த்தது 2006-ல், நார்விச் நகரின் ஒரு சிக்னலில். இங்கிலாந்துக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. என் நெஞ்சுயரம்கூட இல்லாத ஒரு பச்சை வண்டி பக்கத்தில் நின்றது. சிக்னல் விழுந்ததும் இடதுபக்கம் திரும்பிப் போய்விட்டது. அந்தத் திருப்பத்தில் அதன் உடம்பு துளிகூடச் சாயவில்லை. அந்தக் காட்சி பதினெட்டு வருடம் மனதைவிட்டுப் போகவில்லை. நடுவில் வீட்டுக்கடன், இரண்டு பிள்ளைகள், சேலத்தில் அப்பாவின் மருத்துவச் செலவு. 2024-ல்தான் கையில் பணமும் மனதில் தைரியமும் ஒன்றாகச் சேர்ந்தன.

ஆசைப்பட்டதையே கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடக் கூடாது என்று ஆறு மாதம் நான்கு வகை வண்டிகளை மாறி மாறி ஓட்டினேன். நான்கும் எடை குறைந்தவை, இரண்டே இருக்கை. மாஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறை, டொயோட்டா எம்ஆர்2 மூன்றாம் தலைமுறை, கேட்டர்ஹாம் செவன், பிறகு எலீஸ்.

எடைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். நான் கார் ஓட்டக் கற்றது ஏற்காட்டு மலைப்பாதையில், மாருதி 800-ல். சுமார் 650 கிலோ எடை, நாற்பதுக்கும் குறைவான குதிரைத்திறன். ஆனாலும் கொண்டை ஊசி வளைவுகளில் அது சொன்ன பேச்சைக் கேட்டது. பின்னாளில் ஒன்றரை டன் வண்டிகள் பல ஓட்டியும் அந்தச் சுகம் கிடைக்கவில்லை. எடை கூடினால் பெரிய பிரேக் வேண்டும், அகலமான டயர் வேண்டும், அதைத் திருப்பப் பவர் ஸ்டீயரிங் வேண்டும். ஒவ்வொன்றும் சாலைக்கும் நம் கைக்கும் நடுவில் ஒரு திரை போடுகிறது. எலீஸின் முதல் தலைமுறை சுமார் 725 கிலோதான். மாருதி 800-ஐவிடக் கொஞ்சம் கூட, ஆனால் 118 குதிரைத்திறன்.

முதலில் எம்எக்ஸ்-5. 1989-ல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமானது. அறுபதுகளின் பிரிட்டிஷ் திறந்த கார்களை மனதில் வைத்து ஹிரோஷிமாவில் செய்தார்கள். அந்தப் பழைய கார்களைப் போல் நடுவழியில் படுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டார்கள். மாஸ்டாக்காரர்கள் இதற்கு வைத்த இலக்கு ஜின்பா இத்தாய், அதாவது குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஒரே உடலாவது. விளம்பரப் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன். ஓட்டியதும் நம்பினேன். 1.6 லிட்டர் எஞ்சின், 115 குதிரைத்திறன், ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவான எடை. கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டம் இணைக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்த நொடியே பின்சக்கரம் பதில் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். கியர் மாற்றுவது மணிக்கட்டு அசைவுதான், கையைத் தூக்க வேண்டியதே இல்லை. வெயில் வந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே கூரையைப் பின்னால் தள்ளிவிடலாம்.

இதன் எமன் துரு. துணிக்கூரையில் விழும் தண்ணீர் வடியும் துளைகள் அடைத்துக்கொண்டால், கதவுக்குக் கீழே உள்ள பக்கச் சட்டம் உள்ளிருந்தே அரித்துப் போகும். வெளியே பெயிண்ட் பளபளப்பாகத்தான் இருக்கும். ஆகவே லிஃப்டில் ஏற்றி அடியில் பார்க்காமல் வாங்காதீர்கள்.

எம்ஆர்2-ஐ என் அக்கா மகன் பரிந்துரைத்தான். "மாமா, எஞ்சின் நடுவுல இருக்கு, டொயோட்டா வேற. எலீஸ்ல பாதி விலைகூட இல்ல. இதவிட என்ன வேணும்?" அவன் சொன்னதில் தப்பே இல்லை. சுமார் 975 கிலோ, 138 குதிரைத்திறன், அருமையான சமநிலை. ஆனால் பெட்டி வைக்கக்கூட இடம் கிடையாது, இருக்கைக்குப் பின்னால் ஒரு சிறு அறை மட்டும். ஆரம்ப வருட வண்டிகளில் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குள் இருக்கும், புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கித் துண்டுகள் உடைந்து எஞ்சினுக்குள் போய்விடும் என்ற பயமும் உண்டு. முந்தைய உரிமையாளர் அவற்றை எடுத்துவிட்டாரா என்று கேளுங்கள். நல்ல வண்டி. என் மனம்தான் ஒட்டவில்லை.

கேட்டர்ஹாம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் 1957-ல் செய்த லோட்டஸ் செவனின் நேரடி வாரிசு; 1973-ல் அதன் உரிமையைக் கேட்டர்ஹாம் வாங்கியது. நான் ஓட்டிய 170 மாடல் 440 கிலோதான், சுசுகியின் 660 சிசி டர்போ எஞ்சின். ஓட்டிய இருபது நிமிடமும் சிரித்துக்கொண்டே இருந்தேன். ஆனால் லாரியின் சக்கரம் என் முகத்துக்கு நேராகச் சுழன்றது. மோட்டார்வேயில் மனைவியை இதில் உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி எலீஸ். நார்விச்சிலிருந்து அரைமணி நேரத்துக்குள் ஹெத்தல் கிராமம், பழைய போர்க்கால விமானத்தளம். அங்கேதான் இது பிறந்தது. 1995 ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டினார்கள். அப்போது லோட்டஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்த ரொமானோ ஆர்த்தியோலியின் பேத்தி எலீசாவின் பெயர்தான் வண்டிக்கு. உருவம் ஜூலியன் தாம்சன் வரைந்தது. சேசிஸ், அதாவது காரைத் தாங்கும் அடிச்சட்டம், ரிச்சர்ட் ராக்கமின் வேலை, இந்தக் காரின் உயிரே அதில்தான் இருக்கிறது. அலுமினியத்தை அச்சில் பிதுக்கி எடுத்த நீளத் துண்டுகளை வெல்டிங் செய்யாமல் எபாக்ஸிப் பசையால் ஒட்டினார்கள். வெல்டிங் சூட்டில் அலுமினியத்தின் பலம் குறையும், அதை ஈடுகட்டத் தடிமன் கூட்ட வேண்டும். பசை என்றால் மெல்லிய தகடே போதும். முழுச் சேசிஸும் 68 கிலோதான்.

உட்கார்ந்தால் காலடியில் வெற்று அலுமினியம். பவர் ஸ்டீயரிங் கிடையாது. முன் டயர் 185 மில்லிமீட்டர் அகலம்தான், எம்எக்ஸ்-5-க்கும் அதே அளவு. எஞ்சின் பின்னால் இருப்பதால் முன்சக்கரத்தில் பாரம் குறைவு, கைக்கு வலிக்காது. முதல் வளைவில் திருப்பினேன். தார்ச்சாலையில் சரளை தொடங்கிய இடம் உள்ளங்கையில் தெரிந்தது. ஈரமான இடத்தில் பிடி தளர்வதும் தெரிந்தது. எம்எக்ஸ்-5 சாலையைப் பற்றி நன்றாகவே சொல்லும். எலீஸில் சாலையைக் கையால் தடவிப் பார்ப்பது போல் இருந்தது.

இனி குறைகள். பக்கச் சட்டம் அகலமும் உயரமுமாக இருக்கும். சேலை கட்டிக்கொண்டு ஏறி இறங்க முடியாது. கூரையைப் பொருத்தக் கீழே இறங்க வேண்டும், மழையில் ஒழுகாத பழைய எலீஸ் அபூர்வம். முதல் தலைமுறையில் உள்ளது ரோவரின் கே-சீரிஸ் எஞ்சின். எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போவதில் பெயர்போனது. அதற்குள் சுற்றும் தண்ணீரின் அளவு குறைவு, ரேடியேட்டரோ வண்டியின் மறுகோடியில். எஞ்சின் சூடேறும் முன் மிதிப்பதும் தண்ணீர் குறைந்ததைக் கவனிக்காமல் ஓட்டுவதும்தான் அதைக் கொல்கின்றன. உலோக அடுக்கு கேஸ்கெட் மாற்றியதற்கு ரசீது இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

பெரிய செலவு உடம்பில்தான். முன்பக்கம் முழுதும் ஒரே ஃபைபர்கிளாஸ் ஓடு, பின்பக்கமும் அப்படியே. கார் பார்க்கில் யாராவது லேசாக இடித்தாலும் கையைக் கடிக்கும். சேசிஸ் வளைந்தால் நிமிர்த்தக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். நான் பார்க்கப்போன ஒரு வண்டியில் முன் ஓட்டுக்கு அடியில் டார்ச் அடித்தபோது, பிசின் பூசி மறைத்த வெடிப்பு தெரிந்தது. விற்பவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எவ்வளவு ஆசை இருந்தாலும் டார்ச் இல்லாமல் போகாதீர்கள்.

இரண்டாம் தலைமுறையில் 2004 முதல் டொயோட்டாவின் 1.8 எஞ்சின் வந்தது, 189 குதிரைத்திறன், ஆறு கியர். வருடம் முழுதும் ஓட்டப்போகிறவர்களுக்கு எலீஸில் அதுதான் சரி. கேஸ்கெட் பயம் இல்லை, வேகமும் அதிகம். எடையும் சற்று ஏறியிருக்கிறது. அடுத்தடுத்த நாள் இரண்டையும் ஓட்டியபோது அந்த வித்தியாசத்தை என்னால் உணர முடிந்தது. பதினெட்டு வருடம் காத்திருந்தவனுக்கு அந்தச் சிறு வித்தியாசமும் பெரிதாகத்தான் பட்டது.

என் நண்பர் யார் கேட்டாலும் எம்எக்ஸ்-5 வாங்கச் சொல்வேன். ஒரு எலீஸ் விலைக்கு நல்ல நிலையில் குறைந்தது மூன்று எம்எக்ஸ்-5 வாங்கலாம். உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், தினமும் வேலைக்கு ஓட்டலாம், வார இறுதியில் ஒரு பெட்டியோடு கடற்கரைக்கும் போகலாம். ஒரே காரை வைத்துச் சமாளிக்கிற குடும்பத்துக்கு இதுதான் என் பதில். எலீஸ், வீட்டில் இன்னொரு கார் இருப்பவர்களுக்கு. பூட்டிவைக்க கராஜும், கெட்டால் செய்ய ஒதுக்கிய பணமும் வேண்டும்.

நான் வாங்கியது 1999-ல் செய்த முதல் தலைமுறை எலீஸ், பச்சை நிறம். ரசீதுகள் ஒரு தடித்த ஃபைல் நிறைய இருந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மனைவி சூடம் காட்டினாள். நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். "மெதுவா எடுங்க" என்றாள். பழங்கள் நசுங்கியது ஸ்டீயரிங்கில் தெரிந்தது, முதலில் இடது, பிறகு வலது.